ஏசுகிறவள் இருக்கட்டும்

குமரா,

பொங்கல் முடிந்து நீயும் மருமகளும் கோலாலம்பூருக்குக் கிளம்பிய அன்றே இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உனக்குத்தான் தெரியுமே, இந்தப் பக்கவாதம் வந்ததிலிருந்து கோபம் வந்தால் என் நாக்கு எனக்கு ஒத்துழைப்பதில்லை. நான் "வேண்டாம்" என்று தொடங்குவேன், வாய் கோணும், நீ உடனே "சரிப்பா, சரிப்பா, டென்ஷன் ஆவாதீங்க" என்று முதுகைத் தடவுவாய், அத்தோடு என் கட்சி தோற்றுப்போகும். முருகன் புண்ணியத்தில் விழுந்தது இடது பக்கம். வலது கை இன்னும் என் பேச்சைக் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். நடுநடுவே நிறுத்தி நிறுத்தித்தான் எழுத முடியும். எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள், ஆனால் கடைசி வரைக்கும் படி. பாதியில் கோபப்பட்டு போன் பண்ணாதே.

விஷயம் இதுதான். அஞ்சலையை நிறுத்தாதே. உன் அம்மா போய், நானும் விழுந்த பிறகு, இந்த வீட்டின் பின்னறையில் தங்கி என்னைப் பார்த்துக்கொள்கிறவளிடம், அடுத்த மாதத்திலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அவளுக்குப் பதிலாக ஈப்போ டவுன் ஏஜென்சியிலிருந்து ரீத்தா என்கிற பெண் வருவாள், வெள்ளை உடுப்பு போட்டிருப்பாள், படித்தவள், மரியாதையாகப் பேசுவாள். "இனிமே உங்கள யாரும் ஏச மாட்டாங்கப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். உன் கண் கலங்கியிருந்தது. அதனால்தான் அப்போது என்னால் எதுவும் பேச முடியவில்லை.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. பெற்ற அப்பனை ஒருத்தி வாய்க்கு வந்தபடி ஏசினால் எந்த மகனுக்கும் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். கொதிக்காவிட்டால்தான் நான் கவலைப்பட வேண்டும். நீ இங்கே இருந்தபோது ஒரு நாள் காலை நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை கைத்தடியை என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"எந்திரிக்கப் போறீங்களா, இல்ல ரோட்டுல போறவன் வர்றவன எல்லாம் கூப்புட்டு வேடிக்க காட்டட்டுமா?"

"கால் வலிக்குது புள்ள. நாளைக்குப் பாக்கலாம்."

"நேத்தும் இதான் சொன்னீங்க. மவன் வந்துட்டாருன்னா ஒடனே மகாராசா ஆயிடுவீங்களோ? காலு கட்டையாப் போச்சுன்னா தூக்கிட்டுத் திரியப் போறது உங்க மவன் இல்ல அண்ணே, நான்தான்!"

"நீ என்னா பெரிய டாக்டரா?"

"டாக்டரு ஊசியப் போட்டுட்டு காடி ஏறிப் போயிடுவாரு. ஒங்கள கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போறது யாருலா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். உன் காது சிவந்துபோயிற்று. சின்ன வயதிலிருந்தே உனக்குக் கோபம் காதில்தான் ஏறும். சரி, அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்தாயா? நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். வாசல் கேட்டு வரைக்கும் நடந்துபோய், பக்கத்து வீட்டுச் சீனக் கிழவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். வழியெல்லாம் அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏசிக்கொண்டே வந்தாள். நான் நடந்து முடித்தபோது உன்னைத் தேடினேன், நீ உள்ளே போய்விட்டிருந்தாய்.

முடியாதவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று எடை போடுவது உனக்குப் புதிது. எனக்குப் புதிதில்லை. எழுபதுகளில், நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாட்களில், அதுதான் என் ஞாயிற்றுக்கிழமை வேலை. அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போகிறார், மத்தியானம் வந்து தூங்குகிறார் என்பதுதான் உனக்குத் தெரிந்தது. எங்கே போனேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

சுங்கை சிப்புட் பக்கம் நாம் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, நான் ரப்பர்ப் பால் லோரி ஓட்டிய கையோடு ஈப்போவுக்கு வந்து சிமெண்டு லோரி ஓட்டப் போய்விட்டேன். பிள்ளைகுட்டி உள்ளவர்கள் எல்லாம் ஆளுக்கொரு திசையில் போனார்கள். போக்கிடம் இல்லாத கிழடுகள் மட்டும் அங்கேயே பழைய லயத்து வரிசை வீடுகளில் தங்கிவிட்டார்கள். ஆயுசெல்லாம் பால் எடுக்க மரம் வெட்டிய கைகள், கடைசியில் கஞ்சி ஊற்ற ஆளில்லை. இதைப் பார்த்துக் கோயில்காரர்கள் சிலரும் தேவாலயத்துக்காரர்கள் சிலரும் சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் ஆரம்பித்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து, அந்தக் கிழடுகளைக் குளிப்பாட்டி, சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. பார்த்துக்கொள்கிறார்களா என்று போய்ப் பார்த்து வர ஓர் ஆள் வேண்டும். சங்கத்தில் வாத்தியார் இருந்தார், மருந்துக் கடைக்காரர் இருந்தார், ஒருத்தருக்கும் நேரமில்லை. என்னிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. அந்த ஒரே தகுதியில் நான் இன்ஸ்பெக்டர் ஆனேன். உன் அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "நாலு வீட்டுல போயி காப்பி குடிச்சிட்டு வர்றதுக்குப் பேரு சேவையா?" என்றாள். அவள் கிண்டலுக்குச் சொன்னாள். ஆனால் உண்மையில் நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

ஏனென்றால் சனிக்கிழமையே நான் ரொட்டிக்காரரிடம் சொல்லி அனுப்பிவிடுவேன். அவர் மோட்டாரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு லயம் லயமாகப் போகிறவர். "ஈப்போக்காரரு நாளைக்கு வாராராம்" என்று எல்லா வீட்டிலும் சொல்லிவிடுவார். இதில் தப்பு இருக்கிறதென்று எனக்கும் தோன்றவில்லை, சங்கத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நம் ஆட்களுக்கு அது ரத்தத்தில் ஊறின பழக்கம். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பது இழவு சொல்ல வருகிறவன் மட்டும்தான். மற்றபடி ஒரு மனுசன் வீட்டுக்குப் போவதென்றால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், அந்த வீட்டார் ஒரு காப்பித்தண்ணியாவது கலக்க வேண்டும், நாம் அதைக் குடிக்க வேண்டும். அதுதானே மரியாதை?

எனக்கு மிகவும் பிடித்தது சன்னாசிப் பெரியவர் இருந்த வீடு. அவருக்குக் கண் தெரியாது. பெண்டாட்டி எப்போதோ போய்விட்டாள், பிள்ளை கிடையாது. பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி அவரைப் பார்த்துக்கொண்டாள். நான் போகும்போதெல்லாம் பெரியவர் குளித்து, நெற்றியில் விபூதியும் கழுத்தில் பவுடருமாக, மடிப்புக் கலையாத கைலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் சாம்பிராணி வாசனை. டின்பால் ஊற்றி, கெட்டியாக, ஆவி பறக்கக் காப்பி வரும். "எப்படி இருக்கீங்க பெரியவரே?" என்று கேட்டால் இரண்டு கையையும் கூப்புவார். "ஒரு கொறையும் இல்லீங்க ஐயா. நல்லா பாத்துக்கிறாங்க." எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அங்கிருந்து அந்தோணி வீட்டுக்குப் போனால் தலைகீழ். நீரிழிவில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள், படுக்கையிலேயே கிடப்பார். மோட்டாரை நிறுத்தும்போதே சத்தம் தார்ச் சடக்கு வரைக்கும் கேட்கும். "சீனி போடாத தேத்தண்ணி மனுசன் குடிப்பானா?" என்று இவர் கத்துவார். "மிச்சம் இருக்குற காலும் போவணும்னா சொல்லுங்க, ஒரு டின்னு சீனிய வாயில கொட்டுறேன்!" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். பதில் சொல்கிறவள்தான் அஞ்சலை. அப்போது அவள் இளம்வயது விதவை, கையில் சின்னப் பெண் குழந்தை. நான் போனால் அந்தோணி ஒரு மணி நேரம் குறைப்பாட்டு பாடுவார். மீன் தரவில்லை, ரேடியோவை அணைத்துவிட்டாள், முடி வெட்டுகிறவனைக் கூப்பிடவில்லை. அஞ்சலை எனக்கு ஒரு நாளும் காப்பி கொடுத்ததில்லை. "ஒக்காருங்க அண்ணே, இவருக்கு முதுகு தொடச்சி முடிக்கணும்" என்பதோடு சரி. அந்தோணியின் பனியனில் சாம்பார்க் கறை இருக்கும்.

சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று கணீரென்று சொன்னேன். சன்னாசி வீடுதான் முதல் தரம், மற்றவர்கள் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தோணி வீட்டில் இருக்கிற வாயாடியை மாற்ற வேண்டும், ஒரு நோயாளியிடம் பேசுகிற பேச்சா அது? எல்லாரும் தலையாட்டினார்கள். மாதக் கடைசியோடு அவளை நிறுத்துவதென்று முடிவாயிற்று. பார்த்தாயா குமரா, நீ இப்போது கொடுத்திருக்கிற அதே தீர்ப்பு, அதே ஆளுக்கு, நான் ஏற்கெனவே கொடுத்தது. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறாய்.

உனக்குப் பெண் பார்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் வீட்டில் பக்கத்து வீட்டு நாற்காலிகள் வந்து வரிசையாக நின்றன. கேசரியில் முந்திரி மிதந்தது. "கேசரிய வச்சு குடும்பத்த எட போடாதீங்க, சும்மா இருக்கும்போது ஒரு நாளு பாசார்ல அந்த அம்மாவப் பாத்துப் பேசிட்டு வர்றேன்" என்றாள் உன் அம்மா. போய்ப் பேசிவிட்டு வந்துதான் சரி சொன்னாள். மருமகள் தங்கம் என்று அவள் கண்டுபிடித்தது மீன்கடை முன்னால், கேசரியில் இல்லை. இந்தப் புத்தி எனக்கு முன்னாலேயே இருந்திருந்தால் சன்னாசிப் பெரியவர் அத்தனை நாள் தவித்திருக்க மாட்டார்.

அஞ்சலைக்கு வைத்த கெடு முடிவதற்குள், ஒரு வாரநாளில் வேறு ஏதோ காரியமாக சுங்கை சிப்புட் போயிருந்தேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, முன்சக்கரம் கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் தெரிந்த கூரை சன்னாசி இருந்த லயம்தான். ஓடிப்போய் நின்றால் கதவு வெளியே கொண்டி போட்டிருந்தது. திறந்தேன். சாம்பிராணி வாசனை இல்லை. மூத்திர வாசனை. அந்த நாற்காலி மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தது. தண்ணீர்ப் பானை ஒரு மூலையில், பெரியவர் எதிர் மூலையில், வெறும் பாயில். என் காலடிச் சத்தம் கேட்டதும் அலறி அடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். நான் நின்ற பக்கம் தெரியாமல் சுவரைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"ஒரு கொறையும் இல்லம்மா. நல்லா பாத்துக்கிறீங்க."

"பெரியவரே, நான்தான், ஈப்போக்காரன்" என்றேன். கூப்பிய கையை அப்படியே என் குரல் வந்த பக்கம் திருப்பினார். "ஒரு கொறையும் இல்லீங்க ஐயா. நல்லா பாத்துக்கிறாங்க." அதே வார்த்தை. காலடிச் சத்தம் யாருடையதாக இருந்தாலும் அவர் சொல்வது அது ஒன்றைத்தான். அதை நம்பித்தான் நான் ஞாயிறு தவறாமல் மனம் நிறைந்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். தண்ணீர் மொண்டு கொடுத்தேன். குடித்தார், குடித்தார், மூச்சு விடாமல் குடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, குமரா. மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

அந்தப் பெண் தொப்பலாக நனைந்து ஓடி வந்தாள். புல்லு வெட்டுகிற காண்டிராக்ட் வேலைக்குப் போயிருந்தாளாம், பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே. "கண்ணு தெரியாத மனுசன்லா அண்ணே. சடக்குக்குப் போயி லோரியில அடிபட்டா நான் என்னா பண்ணுவேன்? அதான் கொண்டி போட்டேன்" என்று அழுதாள். அவள் அரக்கி இல்லை. அவளால் முடியவில்லை. முடியவில்லை என்று சொன்னால் சம்பளம் போய்விடுமே என்று அவளும் ஒரு பயத்தில் இருந்திருக்கிறாள். மூன்று பேருமாகச் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு நல்ல வீட்டை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தோம். ஏமாறுகிற வேஷம் என்னுடையது.

அந்த நனைந்த சட்டையோடு நேரே அந்தோணி வீட்டுக்குப் போனேன். அங்கேயும் சொல்லி அனுப்பவில்லை. மோட்டாரை நிறுத்தும்போதே கேட்டது. "தேத்தண்ணியா இது, மழத்தண்ணியா?" "மழத்தண்ணிதான். கூரை ஒழுவுதே, ஏறி அடைச்சிட்டு வாங்களேன் பாப்பம்!" ஞாயிற்றுக்கிழமை கேட்ட அதே சண்டை. உள்ளே போனேன். சாம்பார்க் கறை பனியனில் அப்படியே இருந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கறையை விட்டுவிட்டு மனுசனைப் பார்த்தேன். முதுகைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். வருஷக்கணக்கில் படுத்த படுக்கை, ஒரு புண் இல்லை. நகம் வெட்டியிருந்தது. தண்ணீர்க் குவளை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "என்னா அண்ணே, இன்னிக்கு என்னா கெழம?" என்றாள் அஞ்சலை. "சரி சரி, தலையத் தொவட்டுங்க மொதல்ல. இங்க ஒருத்தரப் பாக்குறதே போதும், நீங்களும் காய்ச்சல்ல படுத்துறாதீங்க." என்னையும் ஏசினாள்.

அங்கே உட்கார்ந்து துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. அந்தோணியால் இவளை ஏச முடிகிறது. அடுத்த வேளைச் சோறு இவள் கையில் இருக்கிறது, கக்கூசு இவள் கையில் இருக்கிறது, இவள் நினைத்தால் அந்த ஆளைத் தாகத்தில் தவிக்க விடலாம். அப்படியிருந்தும் மனுசன் தேத்தண்ணி சரியில்லை என்று தைரியமாகக் கத்துகிறார். கத்தினாலும் எல்லாம் நடக்கும் என்கிற நம்பிக்கை இருந்தால்தானே அப்படிக் கத்த வரும்? அடுத்த கூட்டத்தில் எழுந்து, என் தீர்ப்பை நானே திருப்பி வாங்கினேன். வாத்தியார் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சன்னாசிப் பெரியவரை என்ன செய்வது? அஞ்சலையிடம் போய்க் கேட்டேன். "ஒரு கெழவன் பத்தாதுன்னு இன்னொன்னா? நான் என்னா சத்திரமா நடத்துறேன்?" என்று ஆடித் தீர்த்தாள். ஆடிக்கொண்டே மூலையில் கிடந்த கட்டிலை இழுத்துப் போட்டுத் துடைத்தாள். பெரியவர் வந்தார். வந்தும் என்ன, பல மாதம் அதே பாட்டுத்தான். கஞ்சி கொடுத்தால் கையைக் கூப்புவார், குளிப்பாட்டினால் கூப்புவார், பூனை ஓடினாலும் கூப்புவார். அந்தோணிக்கே பொறுக்கவில்லை. "யோவ், கொறை இல்லாத வீடு ஒலகத்துல எங்கய்யா இருக்கு? யோசிச்சாச்சும் ஒண்ணு சொல்லுய்யா!" என்று படுத்தபடியே பாடம் நடத்துவார்.

ஒரு ஞாயிறு நான் போகும்போது அஞ்சலை சடக்கு வரைக்கும் ஓடி வந்து மோட்டாரை மறித்தாள். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"அண்ணே! சன்னாசிப் பெரியவரு இன்னிக்கு என்னைய ஏசிட்டாரு!"

"என்னான்னு?"

"ரசத்துல உப்பு இல்லையாம். 'ஒனக்கு என்னா நாக்கு செத்துப் போச்சா'ன்னு கேட்டாருலா!"

சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. உள்ளே போனால் பெரியவர் ரசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தோணி கட்டிலில் கையைத் தட்டிக்கொண்டு இருக்கிறார். அன்றைக்குத்தான் அஞ்சலை எனக்கு முதல் தடவை காப்பி கொடுத்தாள். மட்டமான காப்பி. அதையும் சொன்னேன். இரண்டு கிழவர்களும் கடைசி வரைக்கும் அவளை ஏசிக்கொண்டே இருந்து, அவள் கையிலேயே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

எனக்கு இப்படி ஆகி, யாரைப் பிடிப்பது என்று நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று முழித்தபோது, "சுங்கை சிப்புட்டுல அஞ்சலன்னு ஒருத்தி இருக்கா, தேடிப் பிடி" என்று நான் குழறிக் குழறிச் சொன்னது இதனால்தான். நீ தேடிப் பிடித்தாய். என் பிள்ளை என் சொல்லைத் தட்டவில்லை. ஏன் அவள்தான் வேண்டும் என்று நான் அன்றைக்கே விளக்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். அஞ்சலை சுங்கை சிப்புட்டில் இருக்கிற மகள் வீட்டுக்கு ஒரு நாள் போக வேண்டியிருந்தது. நீ போனில் ஏற்பாடு செய்தபடி அன்றைக்கு ரீத்தா வந்தாள். நல்ல பெண், குமரா. குறை சொன்னால் என் நாக்கு அழுகும். ரத்த அழுத்தம் பார்த்தாள். இடது தோளை எப்படி அசைக்க வேண்டும் என்று காட்டினாள். அஞ்சலை இத்தனை நாள் அதைத் தப்பாகத்தான் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். குரல் உயரவே இல்லை. "அங்கிள், அங்கிள்" என்று தேன் மாதிரிப் பேசினாள். தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஆறிப் போயிருந்தது. எனக்கு அப்போது ஒன்றுக்குப் போக வேண்டும் போல இருந்தது. சின்னப் பெண், மகள் வயதுகூட இல்லை, நேற்று வரைக்கும் முகம் பார்த்ததில்லை. எப்படிச் சொல்வது?

"எல்லாம் ஓகேவா அங்கிள்? ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தேன். "ஒரு கொறையும் இல்லம்மா. நல்லா பாத்துக்கிறீங்க" என்று வந்தது. வலது கை தானாக நெஞ்சுக்குப் போய்விட்டது. இடது கை மட்டும் வழங்கியிருந்தால் கும்பிட்டே இருப்பேன்.

சன்னாசிப் பெரியவரின் வார்த்தை, எழுத்துப் பிசகாமல், என் வாயிலிருந்து. இவள் கொண்டி போடவில்லை, பயமுறுத்தவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. ஆனால் வந்தவர்கள் முன்னால் நாம் நல்லபடி நடந்துகொள்கிறோம் பார், அதுதான் என் வாயைக் கட்டிப்போட்டது. அன்று மத்தியானம் என் கைலி நனைந்தது. ரீத்தா ஒரு வார்த்தை சொல்லாமல் முகம் சுளிக்காமல் மாற்றிவிட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அஞ்சலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். வாளியில் கிடந்த கைலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? கேக்க வேண்டியதுதானே? அந்தப் புள்ள என்னா, ஒங்க மனசுக்குள்ள பூந்தா பாக்கும்?" என்று பிடித்துக்கொண்டாள். "மகள் வீட்டுக்குப் போனவ பொழுது சாய்ஞ்சா வருவா? எனக்கு யாரு சோறு போடுறது?" என்று நானும் எகிறினேன். நாக்கு குழறவே இல்லை, போ! அரைமணி நேரம் கத்தினோம். அதற்கப்புறம் சூடாகத் தேத்தண்ணி வந்தது. பின்னறைக்குப் போகிற வழியில் நின்று சொன்னாள்: "ஒங்க மவன் என்னையப் போவச் சொல்லிட்டாரு. தம்பி மேல தப்பு இல்ல. ஆனா போற வரைக்கும் நான் ஏசத்தான் ஏசுவேன், சொல்லிப்புட்டேன்." சொன்னவள் முகத்தைக் காட்டாமல் போய்விட்டாள். இந்த வயதில் அவளுக்கு இன்னொரு வீடு எங்கே கிடைக்கும் என்று நான் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளிடம் குறையே இல்லையா? ஏன் இல்லை! குழம்பில் புளியைக் கொட்டுகிறாள். நாலு நம்பர் லாட்டரி எடுக்கப் போனால் கடை வாசலில் கதை பேசிவிட்டு வருகிறாள். மாத்திரையை நிறம் பார்த்துத்தான் கொடுக்கிறாள், அது ஆபத்து, அதை நீ கவனிக்க வேண்டும். அதனால் நான் சொல்வதைக் கேள். ரீத்தா வாரத்துக்கு ஒரு நாள் வரட்டும். தோளைப் பார்க்கட்டும், மாத்திரையைப் பிரித்து வைத்துவிட்டுப் போகட்டும், அஞ்சலைக்கும் அந்தத் தோள் வித்தையைக் கற்றுக்கொடுக்கட்டும். அன்றைக்கு அஞ்சலை தன் மகளைப் போய்ப் பார்த்து வரட்டும். அவளுக்கும் உடம்பு ஒன்றுதான். ஓய்வில்லாமல் ஒருத்தியை வேலை வாங்கினால் அவளும் ஒரு நாள் கதவுக்குக் கொண்டி போட்டுவிட்டுத்தான் போவாள். அந்த வாரத்து ஒரு நாள் நான் ரீத்தாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்கப் பழகிக்கொள்கிறேன். சன்னாசிப் பெரியவரே பழகினார், எனக்கென்ன?

இன்னொன்று. இனிமேல் வருவதாக இருந்தால் சொல்லாமல் வா. பொங்கலுக்கு நீ வருகிறாய் என்று தெரிந்து நான் சலவைச் சட்டை போட்டேன், முந்தின நாளே முடி வெட்டிக்கொண்டேன், அஞ்சலையைப் படுத்தி ஜன்னல் துணியெல்லாம் மாற்ற வைத்தேன். நீ பார்த்ததில் முக்கால்வாசி உனக்காகக் கட்டின வேஷம். வேஷம் போடாமல் இருந்தது அவள் வாய் ஒன்றுதான். அதைத்தான் நீ குற்றம் என்று பிடித்தாய். சொல்லாமல் வந்து, என் பாதத்தைத் தூக்கிப் பார், முதுகைத் திருப்பிப் பார், தண்ணீர் வலது கைப் பக்கம் இருக்கிறதா பார். அப்புறம் வாசலில் நின்று கொஞ்ச நேரம் எங்கள் சண்டையைக் கேள். எனக்கு மட்டுமில்லை, நாளைக்கு மருமகளின் அம்மாவுக்கு ஆள் வைக்க நேர்ந்தாலும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

நான் எழுதுவதை அஞ்சலை எட்டி எட்டிப் பார்க்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "என்னா, மவனுக்கு என்னையப் பத்திக் கோள் மூட்டுறீங்களா?" என்கிறாள். ஆமாம் என்றேன். "எழுதுங்க, எழுதுங்க. கஞ்சி ஆறுதுன்னும் சேத்து எழுதுங்க. அப்புறம் ஆறிப் போச்சுன்னு என்னைய ஏசக் கூடாது" என்கிறாள்.

கண்டிப்பாக ஏசுவேன். இந்த வீட்டில் நான் இப்போது நன்றாக இருக்கிறேன், குமரா. உன் அம்மா இல்லாத குறை ஒன்றைத் தவிர, விழுந்து கிடக்கிற ஒரு மனுசன் இதைவிட நன்றாக இருக்க முடியாது. அதை நீ போனில் எப்படித் தெரிந்துகொள்வாய் என்றும் சொல்லிவிடுகிறேன். நீ கூப்பிடும்போது நான் கஞ்சியைப் பற்றி, புளியைப் பற்றி, அஞ்சலையின் வாயைப் பற்றி மூச்சு விடாமல் புலம்பினால், நிம்மதியாகப் போனை வைத்துவிட்டு உன் வேலையைப் பார். என்றைக்காவது, "எனக்கு ஒரு கொறையும் இல்லப்பா, நல்லா பாத்துக்கிறாங்க" என்று நான் அடக்கமாகச் சொன்னால், நம்பாதே. அன்றைக்கே காடியை எடுத்துக்கொண்டு கிளம்பி வா.

கஞ்சி ஆறியேவிட்டது. துவையலில் காரம் போதாது. கைத்தடியை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

குறைகள் நிறைந்த
உன் அப்பா